பிஎச்.டி. நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு: முதலில் கே.டி-யை எழுதுங்கள்

முடிவு வந்துவிட்டது, இடம் கிடைத்துவிட்டது. மனசு இப்போதுதான் லேசாகியிருக்கிறது, இந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் தமிழ் மீடியத்தில் படித்து எம்.எஸ்சி. இயற்பியல் வரை வந்தவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நெட் தேர்வைப் பற்றி நீங்களே அறிவீர்கள், அதை விட்டுவிடுகிறேன். நேர்காணல் வேறு மாதிரி.

என் புராஜெக்ட் டெட்ரசீன் என்ற கரிமப் படிகத்தின் ஒளிர்வு, அறை வெப்பநிலையிலிருந்து திரவ நைட்ரஜன் வரை. ஹீலியம் வெப்பநிலை விவரமெல்லாம் கட்டுரைகளில் படித்ததுதான். ஆனால் கேள்விகள் அங்கேதான் போய் நின்றன. "இன்னும் குளிர்வித்தால் என்ன ஆகும்?" இதைக் கேட்காத பேனல் இருக்காது என்றே நினைக்கிறேன்.

எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு பழக்கம். போர்டில் படம் வரையும் முன் ஓரத்தில் கே.டி-யின் (kT: போல்ட்ஸ்மன் மாறிலி பெருக்கல் வெப்பநிலை, அதாவது அந்த வெப்பநிலையில் கிடைக்கும் வெப்ப ஆற்றல்) மதிப்பை எழுதிவிடுவேன். 300 கெல்வினில் சுமார் 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட். 77 கெல்வினில் (திரவ நைட்ரஜன்) 6.6. 4.2 கெல்வினில் (திரவ ஹீலியம்) 0.36. இந்த மூன்று எண்ணும் கண்முன் இருந்தால் பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். படிகத்தில் 20 மில்லி எலக்ட்ரான் வோல்ட் ஆழமுள்ள ஒரு குறைபாடு, அதாவது ஒரு ஆற்றல் குழி, இருக்கிறது என்று வையுங்கள். அதில் விழுந்த எக்ஸிட்டான் (ஒளியை உறிஞ்சியதும் படிகத்தில் நகரும் ஆற்றல் பொட்டலம்) வெப்பத்தால் வெளியேறுவதற்கான போல்ட்ஸ்மன் காரணி அறை வெப்பநிலையில் கிட்டத்தட்ட பாதி. 77-இல் இருபதில் ஒன்று. 4.2-இல் பூஜ்யம் என்றே சொல்லிவிடலாம். அதனால்தான் குளிர்விக்கக் குளிர்விக்க, அதுவரை தெரியாத புதுக் கோடுகள் நிறமாலையின் சிவப்புப் பக்கத்தில் எட்டிப் பார்க்கின்றன. படிகம் மாறிவிட்டது என்று அவசரப்பட வேண்டாம், ஆழம் குறைந்த குழிகள்கூட இப்போது எக்ஸிட்டானைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஆழமான குழிக்குக் குளிரே தேவையில்லை. ஆந்த்ரசீன் படிகத்தில் லட்சத்தில் ஒரு பங்கு டெட்ரசீன் கலந்திருந்தாலும் அது அப்படியொரு ஆழமான குழி, அறை வெப்பநிலையிலேயே டெட்ரசீனின் பச்சை ஒளிர்வு தெரிந்துவிடும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னபோதுதான் எதிரே இருந்த சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்து 0-0, 0-1 முகடுகள்: ஒளியை உமிழ்ந்தபின் மூலக்கூறு அதிர்வில்லாமல் நின்றால் 0-0, ஒரு அதிர்வோடு நின்றால் 0-1. இரண்டுக்கும் இடைவெளி சுமார் 170 மில்லி எலக்ட்ரான் வோல்ட், கார்பன் பிணைப்புகளின் அதிர்வு. கே.டி-யோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரியது, ஆகவே உமிழ்வு தொடங்குவது அறை வெப்பநிலையிலும் அதிர்வில்லாத நிலையிலிருந்துதான். பிறகு ஏன் முகடுகளின் விகிதம் வெப்பநிலையோடு மாறுகிறது? ஜே வகை என்ற மூலக்கூறு அடுக்கில் பல மூலக்கூறுகள் ஒரே தாளத்தில் உமிழ்வதால் 0-0 வலுப்பெறுகிறது. வெப்பம் அந்தத் தாளத்தைக் கலைக்கும், குளிர் மீட்டுத் தரும். டெட்ரசீனில் நடப்பது இது. ஹெச் வகை என்ற இன்னொரு அடுக்கில் நேரெதிர். அங்கே சமச்சீர் காரணமாக 0-0 தடைப்பட்டது, வெப்பமும் ஒழுங்கின்மையும்தான் அதை வெளியே விடுகின்றன.

இங்கே ஒரு கிடுக்கிப்பிடி வரும். "0-0 சிறிதாக இருப்பது ஹெச் வகை என்பதாலா, படிகம் தடிமனாக இருப்பதாலா?" தடித்த படிகம் தன் 0-0 ஒளியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். மெல்லிய படிகத்தில் எடுத்த நிறமாலை ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். வாயால் விளக்குவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

பரிசோதனை பற்றிக் கேட்டவை, சுருக்கமாக:

- முதலில் வெற்றிடம், பிறகுதான் குளிர்ச்சி. இல்லையென்றால் படிகத்தின் மேல் பனி படியும்.
- மெதுவாகக் குளிர்விக்க வேண்டும். அடியில் இறுக்கி ஒட்டிய படிகம் சுருக்க வேறுபாட்டில் வெடிக்கும்.
- வெப்பமானி காட்டுவது தாங்கியின் வெப்பநிலை. கரிமப் படிகம் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது, லேசர் பட்ட இடம் அதைவிடச் சூடாக இருக்கலாம். லேசர் திறனைக் குறைத்து ஒருமுறை சரிபார்த்தீர்களா என்பார்கள்.
- சிங்லெட் பிளவு (ஒரு சிங்லெட் எக்ஸிட்டான் இரண்டு டிரிப்லெட்டாகப் பிரிவது; இரண்டும் எலக்ட்ரான் சுழற்சியால் வேறுபடும் எக்ஸிட்டான் வகைகள்): டெட்ரசீனில் இரண்டு டிரிப்லெட்டின் கூட்டு ஆற்றல் ஒரு சிங்லெட்டைவிடச் சற்று அதிகம், பென்டசீனில் குறைவு. இதைத் தெரியாமல் உள்ளே போகாதீர்கள்.

ஆங்கிலம் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு. நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. மலையாள வகுப்பிலும் அப்படித்தான் இருந்தேன். கேள்வி வந்ததும் "வரைந்து காட்டலாமா சார்?" என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுவேன். அச்சு, அலகு, கே.டி, அப்புறம் முகடு, இந்த வரிசையில் கை போனால் வாக்கியம் தானாகச் சின்னதாகிவிடும். சரளமாகப் பேசுகிறவர்களுக்கு இது சரிப்படுமா என்பதை அவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

கடைசியாக, ஓ.பி.சி. பிரிவில் விண்ணப்பிப்பவர்கள் கிரீமிலேயர் அல்லாத சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் கேட்டு வாங்குங்கள், மாநிலப் படிவம் மத்திய அரசு நிறுவனங்களில் செல்லாது. வில்லேஜ் ஆபீசில் மனு கொடுக்கும்போதே எதற்காக என்று எழுதிவிடுங்கள்.