சாண்டோரினியில் இறங்காத நாளுக்குப் பணம் கேட்டு வாங்கிய அனுபவம்

"எந்திரி, வந்தாச்சு பாரு" என்று அக்கா என்னை உலுக்கியபோது மணி ஆறே முக்கால். கப்பல் கேபினின் பால்கனிக் கதவைத் திறந்தால் எதிரே செங்குத்தாக ஒரு பாறைச் சுவர், கறுப்பும் சிவப்புமாகப் பட்டை பட்டையாக. அதன் உச்சியில் விளிம்பு நெடுக வெள்ளை வீடுகள். ஆறு வருடமாக அக்காவின் அலைபேசி முகப்பில் இருந்த அதே காட்சி, கிரேக்கத்தின் சாண்டோரினி தீவு. அவள் அதற்குள் குளித்து, தொப்பியும் போட்டுத் தயாராகியிருந்தாள்.

ஏழேகாலுக்கு ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். காற்று பலமாக இருக்கிறது, பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோகும் டெண்டர் படகுகளை இறக்குவது பாதுகாப்பில்லை, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றார். எட்டரைக்கு அடுத்த அறிவிப்பு வந்தது. சாண்டோரினி ரத்து, இன்று முழுக்கக் கடலில்தான். கப்பல் மெல்லத் திரும்பியது. வெள்ளை வீடுகள் ஒவ்வொன்றாகப் பால்கனித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மறைந்தன. அக்கா தொப்பியைக் கழற்றவே இல்லை.

இது 2024 ஆகஸ்டில் நடந்தது. ஏதென்ஸுக்குப் பக்கத்தில் உள்ள பிரேயஸ் துறைமுகத்தில் ஏறி ஏழு இரவுகள் ஏஜியன் கடலைச் சுற்றி வரும் பயணம். நான், அக்கா, அத்தான் மூன்று பேர் போயிருந்தோம். கப்பல் நிறுவனத்தின் விளம்பர அட்டையில் பெரிதாக இருந்ததே சாண்டோரினி படம்தான். நாங்கள் பதிவு செய்ததும் அதற்காகத்தான். இறங்காத அந்த ஒரு நாளுக்குப் பணம் கேட்டு வாங்க ஐந்து மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் நான் செய்த ஒரு தவறால் போனது. அதை இன்னொருவர் செய்யக் கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கேப்டனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அன்று கப்பலில் பலரும் அவரைத்தான் திட்டினார்கள். வானம் பளிச்சென்று நீலம், ஒரு பொட்டு மேகம் இல்லை, வெயில் சுள்ளென்று அடிக்கிறது, இதில் என்ன மோசமான வானிலை என்று கேட்டார்கள். ஏஜியன் கடலில் அப்படித்தான். மெல்டெமி என்று ஒரு காற்று கோடையில் வடக்கிலிருந்து வீசும். ஜூலை, ஆகஸ்டில் அதற்கு உச்சம். மழையோ மேகமோ இல்லாமலே கடலைக் கலக்கிவிடும். சாண்டோரினியில் பெரிய பயணக் கப்பல்கள் அணைய மேடையும் கிடையாது. எரிமலை உள்வாங்கிய பள்ளத்தில் கடல் புகுந்த இடம் அது. பல இடங்களில் ஆழம் 300 மீட்டருக்கும் மேல், அங்கே நங்கூரம் போடவே வழியில்லை. கப்பல் வெளியே நிற்க, சின்னப் படகுகளில்தான் ஆட்களைத் தீவின் தலைநகரான ஃபிராவுக்குக் கீழே இருக்கும் பழைய துறைமுகத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து கேபிள் கார், இல்லாவிட்டால் 500க்கும் மேற்பட்ட படிகள்.

இரண்டாவது அறிவிப்புக்கு முன்னால் ஒரு படகை இறக்கிப் பார்த்தார்கள். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பலின் பக்கவாட்டில் திறந்த மேடையில் ஒரு மாலுமி நின்றார். படகு அவர் இடுப்பு உயரத்துக்கு எழும்பும், அடுத்த நொடி அவர் காலுக்குக் கீழே காணாமல் போகும். இரண்டு முறை கயிற்றை வீசினார், இரண்டு முறையும் தவறியது. முழங்கால் வலியோடு இருக்கும் அத்தான் அந்தப் படகில் கால் வைப்பதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அந்த முடிவில் எனக்கு இன்றும் ஒரு குறையும் இல்லை. என் குறையெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததில்தான்.

ஒன்பது மணிக்கு வரவேற்பு மேசையிலிருந்து மாடிப்படி வரை வரிசை நின்றது. எல்லோருக்கும் கோபம், ஆளுக்கு ஒரு சட்டம். விமானம் தாமதமானால் 250 முதல் 600 யூரோ வரை தருகிறார்களே, கப்பலுக்கும் அது உண்டு என்றார் ஒருவர். பயணிகள் உரிமை சாசனம் ஒன்று 2013இல் வந்தது, அதன்படி பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றார்கள் ஓர் அமெரிக்கத் தம்பதி. பின்னால் இரண்டையும் தேடிப் படித்தேன், இரண்டுமே எங்களுக்கு உதவவில்லை. கடல் பயணிகளுக்கான ஐரோப்பிய விதி (1177/2010) இருக்கிறது. ஆனால் தாமதத்துக்குப் பணம் தரும் பகுதி எங்களைப் போன்ற குரூஸ் (உல்லாசக் கப்பல்) பயணிகளுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். 2013 சாசனம் குரூஸ் நிறுவனங்களின் சங்கம் கொண்டுவந்தது. இயந்திரக் கோளாறால் பயணமே ரத்தானால், அல்லது பாதியில் முடிந்தால் என்ன தருவோம் என்று அது சொல்கிறது. ஒரு துறைமுகத்தைத் தாண்டிப் போவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

மேசையில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஒரே பதிலை எத்தனையாவது முறை சொல்கிறாளோ, குரல் கம்மிப் போயிருந்தது. அவளிடம் கத்துவதில் எந்தப் பயனும் இல்லை, பணத்தைப் பற்றி முடிவு செய்யும் அதிகாரம் அவளுக்குக் கிடையாது. நான் இரண்டு விஷயம் மட்டும் கேட்டேன். புகாரை எழுத்தில் பதிவு செய்து ஒரு நகல், அப்புறம் எந்தத் தேதியில் எந்தத் துறைமுகம் என்ன காரணத்தால் ரத்தானது என்று கப்பல் தரப்பிலிருந்து ஒரு கடிதம். முதலாவதை உடனே கொடுத்தாள், கடிதம் மறுநாள் கிடைத்தது. அன்றைய நிகழ்ச்சித் தாளையும் கேபின் தொலைக்காட்சியில் வந்த அறிவிப்பையும் அத்தான் படம் எடுத்து வைத்தார். பின்னால் அத்தனையும் தேவைப்பட்டன.

அன்று மாலை கேபின் கதவுக்கடியில் ஒரு காகிதம் கிடந்தது. துறைமுகக் கட்டணமும் வரியும் உங்கள் கப்பல் கணக்கில் வரவு வைக்கப்பட்டுள்ளன, பொறுமைக்கு நன்றி என்று எழுதியிருந்தது. நாங்கள் கட்டிய மொத்தத்தில் அது நூறில் ஒரு பங்குகூட இல்லை. துறைமுகம் ரத்தானதைவிட இந்தக் காகிதம்தான் ஆட்களை அதிகம் புண்படுத்தியது. இரவுச் சாப்பாட்டில் எல்லா மேசையிலும் இதே பேச்சு. இதை எங்களுக்குச் செய்த உதவி போல எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. எங்களிடம் வாங்கிச் சாண்டோரினியில் கட்ட வேண்டிய பணம் அது. கப்பல் அங்கே போகவில்லை, அதனால் கட்டவில்லை, திரும்பி வந்தது. எங்கள் பணம் எங்களிடமே வந்ததற்குப் பெயர் இழப்பீடு இல்லை.

கரைச் சுற்றுலாவைக் கப்பல் மூலமாகவே எடுத்திருந்தவர்களுக்கு அந்தப் பணம் தானாகத் திரும்பியது. நாங்கள் வெளியே ஒரு படகுச் சவாரி பதிவு செய்திருந்தோம். கப்பல் வராவிட்டால் முழுப்பணமும் திருப்பித் தருவோம் என்று அவர்கள் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் பணம் கட்டினோம், நான்கு நாளில் வந்துவிட்டது. பக்கத்து கேபின்காரர்கள் எடுத்த சுற்றுலாவில் அப்படி ஒரு வரி இல்லை. அவர்களுக்கு அந்தப் பணமும் போனது.

வீடு திரும்பியதும் நிறுவனத்துக்கு இரண்டு பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அக்காவின் ஆறு வருட ஆசை, ஏமாற்றம், அந்தக் காகிதத்தின் தொனி எல்லாம் எழுதி, கடைசியில் "தகுந்த இழப்பீடு தர வேண்டும்" என்று முடித்தேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. வானிலை எங்கள் கையில் இல்லை, ஒப்பந்தப்படி பயணத் தடத்தை மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு, ஆகவே இழப்பீடு இல்லை. கூடவே அடுத்த பயணத்துக்கு ஒரு தள்ளுபடி, அதையும் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்த வேண்டும். இன்னும் காரமாக மறுபடியும் எழுதினேன். அதே பதில் சொல் மாறாமல் வந்தது. அதற்குள் அக்டோபர் பாதி போய்விட்டது.

அப்புறம்தான் சட்டத்தையே எடுத்துப் படிக்க உட்கார்ந்தேன். எங்கள் பயண முகவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பதிவு பெற்றவர். அதனால் 2015/2302 என்ற ஐரோப்பிய ஒன்றியத் தொகுப்புப் பயண நெறிமுறையின் கீழ் வரும் சட்டம் எங்களுக்குப் பொருந்தும். போக்குவரத்தும் தங்குமிடமும் ஒரே விலையில் சேர்ந்து வருவதால் குரூஸும் தொகுப்புப் பயணம்தான். அதன் 14ஆம் பிரிவைப் படித்தபோதுதான் என் தவறு புரிந்தது.

அந்தப் பிரிவில் இருப்பது ஒன்றல்ல, இரண்டு தனித்தனி உரிமைகள். ஒன்று இழப்பீடு. தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழ்நிலை என்று நிறுவனம் காட்டிவிட்டால் அது கிடைக்காது. இன்னொன்று கட்டணக் குறைப்பு. சொன்னதில் ஒன்று குறைந்தது, அதனால் விலையும் குறைய வேண்டும், அவ்வளவுதான். யார் தப்பு என்ற கேள்வியே அங்கே வராது. குறைபாடு பயணியாலேயே வந்தது என்று நிறுவனம் நிரூபித்தால் ஒழிய அதை மறுக்க முடியாது. 2023 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. கொரோனாக் கட்டுப்பாடுகளால் பயணம் குறைபட்டபோதும் கட்டணக் குறைப்பு உண்டு என்று தீர்ப்பு சொன்னது. பெருந்தொற்றே விலக்கு இல்லை என்றால் மெல்டெமி எப்படி விலக்காகும்?

நான் இரண்டு முறையும் இழப்பீடு கேட்டிருந்தேன். அவர்களும் இழப்பீட்டுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, மற்றதைப் பற்றி மூச்சே விடவில்லை. கேட்ட கேள்விக்கு வந்த பதில் சரிதான், கேள்விதான் தப்பு. ஆனால் கோபத்தோடு எழுதும் சாதாரணப் பயணி யாருமே இழப்பீடு என்றுதான் எழுதுவார். அது நிறுவனத்துக்கும் தெரியும். இதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம்.

மூன்றாவது கடிதத்தை ஒரே பக்கத்தில் முடித்தேன். ஏமாற்றம், ஆசை எதுவும் எழுதவில்லை. பதிவு எண், ரத்தான தேதி, கப்பலில் அன்றே பதிவு செய்த புகாரின் நகல், ரத்தை உறுதிசெய்த கடிதம், விளம்பர அட்டையின் படம். குறையை உடனுக்குடன் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அதற்கு அந்தப் புகார் நகல் கைகொடுத்தது. ஒப்பந்த வரியைக் காட்டி மறுக்கக் கூடாதே என்று 23ஆம் பிரிவையும் சேர்த்தேன். இந்த உரிமைகளைப் பறிக்கும் ஒப்பந்த வரிகள் பயணியைக் கட்டுப்படுத்தாது என்கிறது அது. "14ஆம் பிரிவின்படி கட்டணக் குறைப்புக் கேட்கிறோம், இழப்பீடு கேட்கவில்லை" என்று முதல் வரியிலேயே போட்டேன். முகவர் வழியாகவும் அனுப்பினேன். வரும் புகாரை அவர் தாமதமின்றி நிறுவனத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

எவ்வளவு கேட்பது என்பதில் வீட்டுக்குள்ளேயே வாக்குவாதம். "முழு நாள் காசையும் கேளு" என்றாள் அக்கா. "அன்னிக்கும் சாப்பிட்டோம், தூங்கினோம்ல. நியாயமா கேட்டாத்தான் எடுபடும்" என்றார் அத்தான். நெறிமுறையில் இத்தனை சதவீதம் என்று அட்டவணை எதுவும் இல்லை, தகுந்த அளவு என்றுதான் இருக்கிறது. கடைசியில் மொத்தக் கட்டணத்தை ஏழால் வகுத்து, அதில் 60 சதவீதம் கேட்டோம். அறையும் சாப்பாடும் கிடைத்ததற்காக 40ஐ விட்டோம். அட்டைப் படமே அந்த ஊர்தான் என்பதால் பாதிக்குமேல் கேட்டோம்.

இந்த முறை பத்து நாளில் பதில் வந்தது, பெயரோடு, ஓர் ஆள் எழுதிய பதில். முதலில் நாங்கள் கேட்டதைவிடப் பெரிய தொகைக்கு வவுச்சர் தருகிறோம் என்றார்கள். மறுத்தோம். பணமாகக் கட்டியதைப் பணமாகத்தான் கேட்கிறோம் என்று இரண்டே வரி எழுதினேன். அதன் பிறகு நாள் கட்டணத்தில் 40 சதவீதம் பணமாகத் தர ஒப்புக்கொண்டார்கள். தடத்தை மாற்றும் உரிமை தங்களுக்கு உண்டு என்பதைக் கடைசி வரை விடவில்லை, நல்லெண்ண அடிப்படையில் தருவதாகத்தான் எழுதினார்கள். நீதிமன்றம் போயிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்குமோ என்னவோ, எங்களுக்கு அதற்குத் தெம்பு இல்லை, ஒப்புக்கொண்டோம். வழக்குக்கான காலவரம்பு அந்த நெறிமுறைப்படி 2 ஆண்டுக்குக் குறையக் கூடாது. அதனால் பழைய பயணம் என்று விட்டுவிட்டவர்கள் தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் பதிவு செய்தவர்களுக்கு இதே போன்ற விதிகள் 2018இல் வந்தன. அமெரிக்க ஒப்பந்தத்தில் நேரடியாகப் பயணச்சீட்டு வாங்கியவர்கள் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் ஒப்பந்தம் சொல்வதுதான் முடிவு, துறைமுகக் கட்டணத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அப்படிப்பட்டவர்கள் பயணக் காப்பீட்டைப் பார்ப்பது நல்லது. குரூஸுக்கான பாலிசிகள் சிலவற்றில் தவறிய துறைமுகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான தொகை உண்டு. எங்கள் பாலிசியில் இருந்தது. கப்பலில் வாங்கிய உறுதிக் கடிதத்தை அனுப்பினோம், பன்னிரண்டு நாளில் பணம் வந்தது. இத்தனை அலைச்சலில் சுலபமாக முடிந்தது அது ஒன்றுதான். நிறுவனம் பணம் தந்தால் காப்பீடு கிடையாது என்று சில பாலிசிகளில் இருக்கும், அதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

ஜனவரி மூன்றாம் வாரம் வங்கிக் கணக்கில் பணம் ஏறியது. அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். தொகை எவ்வளவு என்று அவள் கேட்கவே இல்லை.

"பிரேயஸ்லேருந்து ஃபெர்ரி போகுதாமே, அது நேரா சாண்டோரினியில இருக்கற அதினியோஸ் துறையிலேயே அணையுமாம். சின்னப் படகெல்லாம் வேண்டாமாம்."

"ஆமா."

"அப்ப மே மாசம் போயிடலாம். அந்தக் காத்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி."