இருபதும் பதினாலும்

அன்று "சரி" என்று சொல்லியிருக்கக் கூடாதோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

2022ஆம் வருடம். கொரோனாவில் விட்டுப்போன படிப்புக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய மாலை வகுப்புத் திட்டம் இல்லம் தேடிக் கல்வி. என்னைப் போலவே பக்கத்துத் தெருவில் அதன் மையம் நடத்திய பெண் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார். "வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் அந்தப் பதினாலு பிள்ளைங்களையும் நீங்களே பாத்துக்கோங்கம்மா" என்றார் ஒருங்கிணைப்பாளர். ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைகள் என்பது அப்போதைய கணக்கு. என் திண்ணையில் ஏற்கெனவே இருபது பேர். முடியாது என்றிருந்தால் அவர் விட்டிருப்பார். நான்தான் சரி என்றேன்.

வேறென்ன சொல்வது? ஒன்றரை வருடத்துக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பிள்ளைகள். தெருவில் நின்று எட்டிப் பார்ப்பவர்களைப் போகச் சொல்ல எனக்கு வாய் வராது.

என்னிடம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். 'கொக்கு' என்று எழுதிக் காட்டினால் 'கெ' என்பான். துணைக்கால் வந்ததும் திகைத்து நின்றுவிடுவான். முன்னால் இருக்கும் கொம்பும் பின்னால் இருக்கும் காலும் சேர்ந்து ஒரே ஒலி என்பது அவனுக்குப் பிடிபடவில்லை. தினமும் பத்து நிமிடம் அவன் விரலைப் பிடித்து இரண்டையும் தொடவைத்து, 'கொ' என்று சொல்லவைப்பேன். 'கொடி', 'பொம்மை' வரை வந்துவிட்டான்.

முப்பத்து நாலு பேர் ஆனதும் அந்தப் பத்து நிமிடம் போயிற்று. எல்லாரும் சேர்ந்து சத்தமாக வாசிப்போம். அவன் வாயும் அசைந்தது. இரண்டு மாதம் கழித்துத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வாய் மூன்றாவது வரியில், விரல் முதல் வரியில். பாடத்தைக் காதாலேயே மனப்பாடம் செய்திருக்கிறான். புதிதாக ஒரு சொல் எழுதிக் காட்டினேன். பழையபடி 'கெ'.

இரண்டு பிரிவாக நடத்தியிருக்கலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். ஐந்திலிருந்து ஏழு வரைதான் நேரம். இருட்டினால் பெண் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள், சின்னதுகள் ஆறரைக்கே தூங்கி வழியும். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு நாள்கூட நான் அப்படி முயன்று பார்க்கவில்லை, அதுவும் உண்மை.

அந்தப் பதினாலு பேரில் இரண்டு பெண்கள் கடன் வாங்கிக் கழிக்கக் கற்றுக்கொண்டார்கள். நான் சேர்க்காவிட்டால் அது நடந்திருக்காது. தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு ஒன்றைப் பிறகு படித்தேன்: கொரோனாவில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டதாம், அப்படி மீண்டதில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால். சந்தோஷமாக இருந்தது. இன்று வந்து கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன் போல. சொல்லிவிட்டு அவன் விரல் எங்கே இருக்கிறது என்று யார் பார்ப்பது?

போன வாரம் ரேஷன் கடை வரிசையில் அவன் அம்மா நின்றார். "உங்ககிட்ட வந்தப்ப சத்தமா நல்லாப் படிச்சான் டீச்சர்" என்றார். நான் தலையாட்டினேன்.