கதவிலிருந்து அளந்த தூரம்

"கடைக்கு அனுமதி குடுத்தாங்க, சரி. என் வாசலுக்கு யார் சார் குடுத்தது?"

2020 மே மாதம், எங்கள் மதுக்கடையில் டோக்கன் கொடுத்து விற்ற நாட்களில், நாலு வீடு தள்ளியிருக்கும் அம்மா தன் வாசலில் நின்ற வரிசையைக் காட்டிக் கேட்டது. "தடுப்பு கட்டினது போலீஸ்மா. உள்ளே விக்கிறது மட்டும்தான் என் வேலை" என்றேன். அதில் பொய் இல்லை. ஊரடங்கில் மூடியிருந்த மதுக்கடைகளை மே 7-ல் திறந்தார்கள். கூட்டத்தைப் பார்த்த உயர் நீதிமன்றம் மறுநாளே மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்ததும் 16-ல் மறுபடி திறப்பு. நாளுக்கு 500 டோக்கன், கிழமைக்கொரு நிறம், எல்லாமே மேலிருந்து வந்த உத்தரவு. வரிசைக்கான சவுக்குக் கட்டையை எந்தப் பக்கம் கட்டுவது என்பதில் கடை சூப்பர்வைசரான எனக்கு என்ன அதிகாரம்?

ஆனால் அவர் என் அதிகாரத்தைக் கேட்கவில்லை. கத்திரி வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மகள் தெருக்குழாய்க்குப் போக அத்தனை ஆண்களைக் கடக்க வேண்டும். பக்கச் சுவரோரம் மூத்திர நாற்றம். உள்ளே விற்பதால்தானே வெளியே நிற்கிறார்கள்?

மறுநாள் காவலரிடம் பேசி வரிசையை எதிர்ப்பக்கம் திருப்பினேன். அந்த அம்மா வந்து கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுதான் இன்னும் உறுத்துகிறது. எதிர்ப்பக்கம் ரேஷன் கடை. அரிசிப் பையோடு வரும் பெண்கள் வரிசைக்குள் புகுந்து போனார்கள். அவர்கள் யாரும் என்னிடம் வந்து கேட்கவில்லை. மாதத்தில் ஒரு நாள் வந்து போகிறவர்கள். கேட்டவருக்குச் செய்தேன், கேட்காதவர்கள் தலையில் கட்டினேன். வேறு இடமும் இல்லை.

2003 விதிகளின்படி கோயிலுக்கும் பள்ளிக்கும் மாநகராட்சி, நகராட்சியில் 50 மீட்டர், எங்கள் ஊர் போன்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளிக் கடை இருக்க வேண்டும். எங்கள் கடை அப்படித்தான் இருக்கிறது. அளந்தது கடைக்கு. வரிசையின் வால் எங்கே முடிகிறது என்று யாரும் டேப் பிடிக்கவில்லை. வீட்டு வாசலும் ரேஷன் கடையும் அந்தக் கணக்கிலேயே இல்லை.

டோக்கன் போய்விட்டது. காந்தி ஜெயந்திக்கு முந்தின நாள் சாயங்காலம் மட்டும் அதே நீளத்துக்கு வரிசை வருகிறது, கட்டையும் இல்லாமல். இன்னொரு கவுண்டர் கேட்டு எழுதியிருக்கிறேன். கிடைத்தால் வரிசை பாதியாகலாம். இல்லையென்றால் தெருவின் இரண்டு பக்கமும் நிற்பார்கள்.