குடத்தில் எத்தனை லிட்டர்

அக்டோபர் 7, செவ்வாய்

இந்த முறை என் அனிமேஷன் காட்சியைப் பிளாக்கிங் நிலையிலேயே, அதாவது முக்கிய நிலைகளை மட்டும் அமைத்த கட்டத்திலேயே, இணையத்தில் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். காட்சி 120 பிரேம், அதாவது ஐந்து வினாடி. ஒரு பெண் அடிபம்பின் கீழிருந்து நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைக்கிறாள். இடைப்பட்ட அசைவுகள் எவையும் இன்னும் இல்லை. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குச் சட்டென்று தாவுகிறாள். வண்ணமும் ஒளியமைப்பும் இல்லாத வெறும் சாம்பல் உருவம். போன மாதம் நடைக் காட்சியை ஒளியமைத்து, புடவைக்கு நிறம் கொடுத்துப் பகிர்ந்தபோது வந்த கருத்துகளில் பாதி அந்த நிறத்தைப் பற்றியே இருந்தன. காட்டியதைத்தானே பார்ப்பார்கள்.

1930களில் டிஸ்னியின் ஹைப்பீரியன் ஸ்டுடியோவில், மையிட்டு வண்ணம் பூசுவதற்கு முன்பே பென்சில் கோடுகளைப் படமெடுத்து, புழுங்கும் ஒரு சிற்றறையில் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வார்கள். வியர்வைப் பெட்டி என்பது அந்த அறையின் பட்டப்பெயர். பென்சில் கோட்டை அழிப்பது மலிவு என்பதால்தான் அந்த ஏற்பாடு. என் கணினியிலும் கணக்கு அதேதான். இன்று இடுப்பின் நிலையை மாற்ற, முக்கிய நிலைகளைப் பதித்து வைத்திருக்கும் சில கீகளைத் திருத்தினால் போதும். மெருகேற்றிய பிறகு என்றால் முதுகெலும்பு தொடங்கி விரல் வரை ஒவ்வொரு வளைகோட்டையும் திறந்தாக வேண்டும்.

ரீல், அதாவது என் வேலைகளின் மாதிரித் தொகுப்பு, 31-ஆம் தேதிக்குள் பெங்களூருக்குப் போக வேண்டும்.

அக்டோபர் 8, புதன்

இதயக் குறிகளும் ‘சூப்பர்’களும் ஒரு ‘செம’யும் வந்திருக்கின்றன. அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்தப் பிரேமைத் திறப்பது? ‘எப்படி இருக்கிறது?’ என்று யாரைக் கேட்டாலும், முகம் கோணாமல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். மாலையில் அதே வீடியோவை வேறு கேள்வியோடு அனுப்பினேன்: ‘குடம் தரையை விட்டு எழும்போது அதில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருப்பதாகத் தோன்றுகிறது?’ பதினைந்து என்று பதில் வர வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

மூன்று லிட்டராம்.

அக்டோபர் 11, சனி

பார்ப்பவர் நிறுத்தி நிறுத்திப் பார்க்கக்கூடிய வகையில் வீடியோவை அனுப்புவது தனி வேலையாகவே இருக்கிறது. வாட்ஸாப் அதைச் சுருக்கிக் கொடுத்தால் விரல்களின் விளிம்பே தெரிவதில்லை. எனவே பிரேம் எண்ணைப் படத்தின் மூலையிலேயே பதித்து, பிளெண்டர் மென்பொருளின் வெளியீட்டு அமைப்பில் கீபிரேம் இடைவெளியை 1 என்று, அதாவது ஒவ்வொரு பிரேமும் முழுப் படமாகவே பதியும்படி, வைத்துவிட்டேன். கோப்பு பெருத்துவிடுகிறது, ஆனால் முன்னும் பின்னும் இழுக்கும்போது படம் திக்குவதில்லை. யூடியூபில் பட்டியலில் வராத இணைப்பாகவும் ஒரு பிரதி ஏற்றினேன். அங்கே நிறுத்தி வைத்துவிட்டு முற்றுப்புள்ளி, காற்புள்ளி விசைகளைத் தட்டினால் பிரேம் பிரேமாக நகரும் என்பதையும் எழுதி வைத்தேன். அனிமேட்டர்களிலேயே பலருக்கு இது தெரிவதில்லை. வீடியோவின் மீது குறிப்பெழுத உதவும் சிங்க்ஸ்கெட்ச் தளத்தில் ஏற்றிய பிரதியின் மீது படத்திலேயே கோடு போட்டுக் காட்டலாம்.

கோடு போட்டவர்கள் இருவர். ஹைதராபாத்காரர் 50-ஆம் பிரேமை வட்டமிட்டு, தூக்குவதற்கு இன்னும் ஆறு பிரேம் கொடுக்க வேண்டும், கனமான பொருள் மெதுவாகத்தான் எழும் என்கிறார். இரவு இரண்டு மணிக்கு, அங்கே மாலை ஐந்தரை, சாவ் பாலோவிலிருந்து வந்த குறிப்பு இதற்கு நேர் எதிர்: இப்போதே தண்ணீருக்கடியில் தூக்குவது போல இழுவையாக இருக்கிறது, ஆறு பிரேமை வெட்டு. அவரது வட்டம் 52-ஆம் பிரேமில் இருக்கிறது. மருந்து இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் வலிக்கும் இடம் இதுதான் என்று இருவரும் ஒரே இடத்தில் விரல் வைத்திருக்கிறார்கள். இரண்டு மருந்தையும் தள்ளிவைத்துவிட்டு அந்த இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வது என்று இருக்கிறேன்.

அப்பா இன்றும் ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

கனடாவிலிருந்து ஒருவர், இடுப்பு இவ்வளவு வெளியே தள்ளியிருப்பது எலும்பு விலகியது போல இருக்கிறது, நேராக்கு என்று எழுதியிருக்கிறார். இதை ஏற்க மாட்டேன். குடத்தை இடுப்பில் சுமக்கும் பெண்ணை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இடுப்பு ஒரு பக்கம் தள்ளிக் குடத்துக்குத் திண்ணையாகும். மேலுடல் மறுபக்கம் சாயும். சும்மா இருக்கும் கை உடலை விட்டு விலகி எடையைச் சமன் செய்யும். ஆனாலும் மறுத்து எழுதுவதற்கு என் நினைவு மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும் என்று தோன்றியதால் காலையில் எதிர்வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டேன். “மூஞ்சி வரக் கூடாது, சொல்லிட்டேன்” என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

கைபேசியைப் பம்புக்கு நேரே படிக்கட்டில் சாய்த்து வைத்து எடுத்தேன். அவர் முந்தானையைச் செருகிக்கொண்டார். குடத்தைச் சற்றே சாய்த்துக் கழுத்தளவுக்கு மேலிருந்த தண்ணீரைக் கொட்டினார். ஒரு கையால் கழுத்தைப் பற்றி, மறுகையை அடியில் கொடுத்தார். பிறகு நடந்ததை, இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்தும், நான் கவனித்ததே இல்லை. குடம் நேராக இடுப்புக்கு வரவில்லை. முதலில் தொடைக்கு வந்து, அங்கே ஒரு நொடியின் கால் பங்கு அமர்ந்தது. முழங்கால் அதை ஓர் உந்து உந்தியது. அதன் பிறகுதான் இடுப்பில் ஏறியது.

அக்டோபர் 14, செவ்வாய்

தூக்கலை இரண்டாகப் பிரித்தேன். 44-இல் குடம் தரையை விடுகிறது. 56-இல் தொடைக்கு வந்து 61 வரை அங்கேயே அமர்ந்திருக்கிறது. உந்துதலுக்குப் பின் 72-இல் இடுப்பைத் தொடுகிறது. அடுத்த எட்டுப் பிரேமில் இடுப்பு எடையை வாங்கித் தாழ்ந்து சிறிது மீள்கிறது. குடத்தைத் தூக்குவதற்கு முன் உடலைக் குடத்தின் பக்கம் கொண்டுபோய், எடையை அந்தக் காலுக்கு மாற்றினேன். ஹைதராபாத்காரர் கேட்ட தாமதம் தொடையிலும், சாவ் பாலோக்காரர் கேட்ட வேகம் உந்துதலிலும் வந்துவிட்டன. இருவருமே இதைக் கேட்டிருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கனடாக்காரருக்கு முகம் தெரியாத அந்தப் பதிவையே அக்காவின் அனுமதியோடு அனுப்பினேன். ‘இடுப்பை நான் தவறாகப் புரிந்துகொண்டேன், ஆனால் உன் பெண்ணின் வலது தோள் ஏன் உயரவில்லை?’ என்று பதில் வந்தது. பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அக்காவின் தோள் உயர்கிறது.

பதினொன்று, பத்து, பதின்மூன்று லிட்டர்.

அக்டோபர் 16, வியாழன்

இடது குதிகால் வழுக்குகிறது. எவரும் இதைச் சொல்லவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

ஸ்ப்லைனுக்கு மாற்றியதும் எல்லாம் மிதக்கத் தொடங்கிவிட்டது. தாவித் தாவி நின்ற நிலைகளுக்கிடையே கணினி தானாக நிரப்பும் அசைவு, எதையும் உறுத்தாமல் சமமாக வழுக்கிச் செல்கிறது. எடை இருக்கும் எதுவும் அப்படி நகர்வதில்லை. லிட்டர் எட்டுக்கு இறங்கிவிட்டது. இது எதிர்பார்த்ததுதான் என்றாலும், அந்த எட்டைப் பார்த்த பிறகு சாப்பிடப் பிடிக்கவில்லை. அசைவைக் கோடுகளாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் இடுப்பின் மேல்கீழ்க் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, 61-க்கும் 72-க்கும் இடையே தொடக்கத்தைச் செங்குத்தாக்கி முடிவைத் தட்டையாக்கினேன். நள்ளிரவுக்குப் பிறகு எட்டு பத்தாயிற்று.

பெங்களூரிலிருந்து அஞ்சல் இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி, பகிர்ந்ததை யாரும் திறக்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

இன்று என் காட்சியைத் தொடாமல், மற்றவர்கள் பகிர்ந்திருந்தவற்றுக்குக் கருத்து எழுதினேன். கல்லூரி மாணவர் ஒருவரின் குதிக்கும் பந்து: தரையில் படும் பிரேமிலும் அதற்கு முந்தைய பிரேமிலும் பந்து ஒரே அளவு நசுங்கியிருந்தது. தரையைத் தொடும் வரை அது நீண்டிருக்க வேண்டும், தொட்ட பிறகுதான் நசுங்க வேண்டும் என்று பிரேம் எண்ணோடு எழுதினேன். ‘நல்ல முயற்சி’ என்று எழுதிவிட்டு வர எனக்கும் ஆசைதான். மழை, மின்சாரம் வேறு போய்ப்போய் வந்தது. ஆனால் நமக்கு விரிவாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நாம் யாருக்கு விரிவாக எழுதினோமோ அவர்கள்தான். இதைக் கொடுக்கல்வாங்கல் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும், நடப்பு அதுதான்.

படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி ஓட்டினேன். குதிகால் அங்கேயும் வழுக்குகிறது.

அக்டோபர் 23, வியாழன்

“அந்தப் பொண்ணு இன்னும் தண்ணி எடுத்து முடிக்கலையா?” என்று அப்பா கேட்டார். அதை மட்டும்தான் கேட்டார்.

அக்டோபர் 24, வெள்ளி

பதினான்கு, பதினைந்து, பதினைந்து. மாலை வரை நிலைகொள்ளாத மகிழ்ச்சியோடு இருந்தேன். அதற்குள் அந்தப் பந்து மாணவரிடமிருந்து வந்தது: ‘குடம் நிறைந்திருக்கிறது, ஆனால் உள்ளே மணல்.’

அவர் சொல்வது சரி. 72-இல் இடுப்பில் அமர்ந்த குடம் அதோடு அடங்கிவிடுகிறது. தண்ணீர் என்றால் குடம் நின்ற பிறகும் உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும்; இரண்டு மூன்று பிரேம் தாமதமாகக் குடத்தை ஒரு பக்கம் இழுத்து, பிறகு அதைவிடக் குறைவாக மறுபக்கம் இழுத்து, அதன் பின்தான் அடங்கும். அந்த இழுப்பைப் பிடிக்க விரல்கள் இறுக வேண்டும், மணிக்கட்டு திரும்ப வேண்டும். 84-இல் கழுத்து விளிம்பில் சிறிது சிந்தினால் இன்னும் நல்லது. அக்காவின் பதிவில் சிந்தியதா என்று பார்க்க வேண்டும். குதிகாலை நாளைக்குப் பார்க்கலாம்.