ஒற்றை எலியும் நடுநரம்பில்லாத இலையும்

ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குப் போயிருந்தபோது, காடறிந்த நண்பர் ஒருவர் உதிர்ந்து கிடந்த இலை ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடிக்கச் சொன்னார். மாவிலை போல அகன்றிருந்த அதில் நடுநரம்பே இல்லை; காம்பிலிருந்து நுனிவரை மெல்லிய கோடுகள் இணையாக ஓடின. அது நகேயா வாலிச்சியானா, தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலைக் குடும்பத்து மரம் என்றார். ஊட்டியில் நாம் படமெடுத்துக்கொள்ளும் பைன்களும் சைப்ரஸ்களும் வெளியிலிருந்து வந்து நடப்பட்டவை.

இந்தத் தனிமையைப் பார்த்ததும் எனக்கு எத்தியோப்பியாவின் நீர் எலி நினைவுக்கு வந்தது. நைலின் கிளையான சிறிய அப்பாயின் ஊற்றுக்கு அருகே, சுமார் 2,600 மீட்டர் உயரத்தில், 1927-இல் பிடிபட்ட ஒரேயோர் எலியை வைத்து அமெரிக்க விலங்கியலாளர் ஆஸ்குட் மறு ஆண்டே அதற்குப் பெயரிட்டார். ஈயநிற அடர்மயிர் கொண்ட அவ்வுடல் சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியன்று என்றே நினைக்கிறேன். மரத்துக்கு வடகிழக்கிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் சொந்தங்கள் உண்டு, இங்கே மட்டும்தான் அது தனி. எலிக்கோ அந்த ஓடைக்கரையில் மேய்ச்சலால் புதர்களே அழிந்துபோயின. என் குறிப்பேட்டுக்குள் அந்த இலை இன்னும் தோல்போல் விறைப்பாக இருக்கிறது.