பணம் போனால் வங்கிதான் பதில் சொல்ல வேண்டும்

கணக்கிலிருந்து பணம் போய்விட்டது என்று வங்கியில் போய் நின்றால் முதலில் வருகிற கேள்வி, "ஓடிபி யாருக்காவது சொன்னீங்களா?" என்பதுதான், அதோடு தப்பு முழுக்க நம் தலையில் விழுந்துவிடும். அதனால்தான் 2025 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அசாமில் ஒருவர் ஆன்லைனில் வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுக்க முயன்றபோது, கஸ்டமர் கேர் என்று பேசிய மோசடிக்காரன் ஒரு செயலியை இறக்க வைத்து 94 ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுத்துவிட்டான். ஓடிபி பகிரப்பட்டது, ஆகவே இது அனுமதித்த பரிவர்த்தனை என்று ஸ்டேட் வங்கி வாதாடியது. கவுகாத்தி உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் (நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர்) அமர்வும் ஏற்கவில்லை. இன்றைக்கு இருக்கிற சிறந்த தொழில்நுட்பம் வங்கியின் கையில்தான் இருக்கிறது, அதை வைத்து மோசடியைத் தடுப்பது அவர்கள் பொறுப்பு என்பதுதான் நீதிபதிகளின் பார்வை. வாடிக்கையாளரும் விழிப்பாக இருக்கணும், ஓடிபியைப் பகிரக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள், சரிதான்.

அந்த மனிதரைக் காப்பாற்றியது 24 மணி நேரத்துக்குள் அவர் புகார் செய்தது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வங்கியின் மீதோ நம் மீதோ தவறில்லாமல் மூன்றாம் நபரால் நடந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்கு இழப்பே கிடையாது. நம் மீதுதான் தவறு என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். வீட்டுப் பெரியவர்களின் போனில், இணைய மோசடியைப் புகார் செய்வதற்கான 1930 என்ற உதவி எண்ணை இன்றைக்கே பதிந்து கொடுங்கள்.