கையால் போட்ட டிரைவர், கருப்பான திரை

வியாசர்பாடியில் பக்கத்து வீட்டுத் தம்பியின் உபுண்டு லினக்ஸ் கம்ப்யூட்டர், கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) அப்டேட் ஆனதும் கருப்புத் திரையோடு நின்றுவிட்டது. யாரோ என்விடியா கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரை ரன் ஃபைலாக (தனி இன்ஸ்டாலராக) இறக்கிக் கையாலேயே போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டால், உபுண்டுவில் மென்பொருள்களை நிறுவி அப்டேட் செய்யும் ஏப்டிக்கு அது கணக்கிலேயே வராது. கெர்னல் மாறும்போது டிரைவரைத் திரும்ப உருவாக்கும் டிகேஎம்எஸ்ஸில் பதியாவிட்டால், புதுக் கெர்னலுக்கு டிரைவரின் மாட்யூலும் (கெர்னலில் ஏறும் பகுதி) தானாக உருவாகாது. பூட் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் டெஸ்க்டாப் வந்துவிட்டது, தம்பிக்கு அதுவே போதுமாம்! எனக்குப் போதாது. டெர்மினலில் சூடோ (அட்மின் உரிமை தரும் கட்டளை) போட்டு 'என்விடியா-அன்இன்ஸ்டால்', அப்புறம் 'உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்', ரீபூட். செக்யூர் பூட் (கையொப்பம் நம்பகமில்லாத மாட்யூலை ஏறவிடாத பாதுகாப்பு) ஆனில் இருந்தால் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீபூட்டில் வரும் நீலத் திரையில் 'என்ரோல் மோக்' (டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவது) தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டையே கொடுக்க வேண்டும். அவசரத்தில் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது.